பொதுத் தகவல் அலுவலரின் கோப்பு ஏன் மேலே போகிறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தகவல் கேட்டு, அதற்குப் பதில் தர நியமிக்கப்பட்ட பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு வருகிறது. இருக்கை உதவியாளர் வரைவுப் பதில் வைக்கிறார், கண்காணிப்பாளர் பார்க்கிறார், கோப்பு அலுவலகத் தலைவரின் மேசைக்குப் போகிறது. ஓரத்தில் ‘பேசவும்’ என்று ஒரு சொல் விழுகிறது. பேசிவிட்டுத் திரும்பும்போது ‘வழங்கலாம்’ என்பது ‘வழங்க இயலாது’ ஆகியிருக்கும். என்ன பேசினார்கள் என்பது எந்தத் தாளிலும் இருக்காது. கடைசியில் கையெழுத்து மட்டும் பொதுத் தகவல் அலுவலருடையது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இப்படியொரு ஒப்புதலைக் கேட்கவே இல்லை. பிரிவு 7(1)-ன்படி தகவலைத் தருவதும், 8, 9 பிரிவுகளில் உள்ள காரணத்தைக் காட்டி மறுப்பதும் பொதுத் தகவல் அலுவலரின் முடிவு. தவறினால் தண்டமும் அவருக்குத்தான்: பிரிவு 20(1)-ல் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000. நூறே நாளில் உச்சவரம்பைத் தொட்டுவிடும். தண்டம் விதிக்கும் தகவல் ஆணையம் முதலில் விளக்கம் கேட்கும். நியாயமாகவும் கவனமாகவும் நடந்துகொண்டேன் என்று நிரூபிக்க வேண்டியவர் அலுவலரே. எழுத்தில் எதுவும் இல்லாதபோது ‘மேலதிகாரி சொன்னார்’ என்ற பதில் அங்கே எடுபடாது.

மறுக்கச் சொன்னவரே பல அலுவலகங்களில், அந்த மறுப்பை எதிர்த்து வரும் முறையீட்டை விசாரிக்கும் முதல் மேல்முறையீட்டு அலுவலராகவும் இருப்பார். பிரிவு 19(1) ‘பதவியில் மூத்தவர்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அவருக்கோ பிரிவு 20-ல் அபராதமே கிடையாது. அதிகாரம் ஓரிடம், தண்டனை வேறிடம். 2019 திருத்தத்தையும் விதிகளையும் தொடர்ந்து தகவல் ஆணையர்களின் பதவிக்காலம் 5 ஆண்டிலிருந்து 3 ஆனதைப் பற்றி நிறையவே பேசியாயிற்று. ஆனால் பெரும்பாலான மனுக்கள் ஆணையம் வரை போவதில்லை, இந்த மேசையோடு முடிந்துவிடுகின்றன.

அலுவலருக்குச் சட்டமே தந்திருக்கும் கவசம் பிரிவு 5(4). எந்த அலுவலரிடமிருந்தும் அவர் உதவி கோரலாம். கேட்கப்படுபவர் தன்னைவிட மேல்நிலையில் இருந்தாலும் சரி. 5(5)-ன்படி, அப்படிக் கேட்கப்பட்டவர் உதவியே ஆக வேண்டும். தவறினால் விதிமீறலுக்கு அவரே பொதுத் தகவல் அலுவலராகக் கருதப்படுவார். ஆனால் தொலைபேசியில் கேட்டால் இந்தக் கவசம் வேலை செய்யாது. ந.க. எண் (கோப்பின் எண்), மனுவின் எந்தக் கேள்வி, எந்த ஆவணம், எந்தத் தேதிக்குள் என்று குறிப்பிட்டுக் கடிதம் போக வேண்டும், ஒப்புகை கோப்பில் இருக்க வேண்டும். கடிதம் போட்டதோடு வேலை முடிந்தது என்றும் இருந்துவிட முடியாது. பொதுத் தகவல் அலுவலர் வெறும் அஞ்சலகம் அல்ல, சொந்தமாக யோசித்து முடிவெடுக்க வேண்டியவர் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2011-ல் சொல்லியிருக்கிறது. நினைவூட்டலும் எழுத்தில் போகட்டும்.

நாள் கணக்கு பலருக்குச் சறுக்கும் இடம். பதில் தர வேண்டிய 30 நாளும் மனு அலுவலகத்துக்கு வந்த தேதியிலிருந்து ஓடும்; இருக்கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் பற்றியதானால் 48 மணி நேரம். வேறு அலுவலகத்துக்கு உரியதை 6(3)-ன்படி 5 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். தன் அலுவலகத்திலேயே அடுத்த அறையில் இருக்கும் ஆவணத்துக்கு 6(3)-ஐப் போட்டு மனுவைத் தள்ளிவிடுவது தவறு. அங்கே வேண்டியது 5(4) கடிதம். முதல் வாரத்திலேயே அதை அனுப்பி, பத்து நாள் கெடு வைத்தால், பக்கங்களை எண்ணிக் கட்டணக் கடிதம் அனுப்ப அவகாசம் கிடைக்கும். கட்டணக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து பணம் கட்டும் நாள் வரை கணக்கில் சேராது. கெடு கடந்தபின் கட்டணம் கேட்கவே முடியாது, 7(6)-ன்படி இலவசமாகத் தர வேண்டும். கோப்பு மேலே போய் இரண்டு வாரம் கிடந்தால் இந்தக் கணக்கு முழுதும் சரியும், தாமதம் அலுவலர் பெயரில் ஏறும்.

‘கொடுக்காதே’ என்று வாய்மொழியாகச் சொன்னால்? மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-ம் ஆண்டு நடத்தை விதிகளில் விதி 3 கைகொடுக்கும். மேலதிகாரியின் ஆணை பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழி ஆணை பெற்றவர் எழுத்தில் உறுதிப்படுத்தக் கேட்க வேண்டும். மேலதிகாரி அப்படி உறுதிப்படுத்தவும் கடமைப்பட்டவர். மற்ற அலுவலகங்களிலும், கோப்பில் அலுவலர்கள் கருத்தெழுதும் குறிப்புப் பக்கத்தில் இரண்டு வரி போதும்: ‘இன்று கலந்துபேசியதில் இன்ன கருத்து தெரிவிக்கப்பட்டது. எந்த உட்பிரிவின்படி மறுக்கலாம் எனத் தெரிவிக்கக் கோரப்படுகிறது.’ உட்பிரிவைச் சொல் என்றதும் பல தடைகள் தாமாகவே விலகிவிடும்.

இப்போது புதிதாக வந்திருக்கும் சிக்கல், தனிப்பட்ட தகவலைத் தர மறுக்க இடம்தரும் பிரிவு 8(1)(ஜே). டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 செய்த திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின், ‘தனிப்பட்ட தகவல்’ என்ற ஒரே சொல்லில் மறுத்துவிடலாம் என்ற நினைப்பு பரவுகிறது. ஆனால் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. பொதுநலன் தீங்கைவிடப் பெரிதென்றால் தரலாம். அங்கே சட்டம் சொல்வது அலுவலரை அல்ல, ‘பொது அதிகார அமைப்பு’ என்று அந்தத் துறையையே என்பதால், இதில் துறைத் தலைவரின் கருத்தை எழுத்தில் கேட்பது பொருத்தம்தான். பிரிவு 10-ன்படி தனிப்பட்ட பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தரும் வழியும் உண்டு.

மனுதாரர் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். மறுப்புக் கடிதத்தில் காரணம், மேல்முறையீட்டுக் காலவரம்பு, மேல்முறையீட்டு அலுவலரின் விவரம் மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது 7(8). அவை இல்லாமல் ‘மேலிட அறிவுரைப்படி’ என்று மட்டும் இருந்தால், முடிவெடுத்தது வேறு யாரோ என்று சந்தேகிக்கலாம். 30 நாளுக்குள் முதல் மேல்முறையீட்டைப் போடுங்கள். கூடவே இன்னொரு மனுவில், உங்கள் முதல் மனு கையாளப்பட்ட கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகலையும், 5(4)-ன்கீழ் போன கடிதங்களையும், அவை போன தேதிகளையும் கேளுங்கள். குறிப்புப் பக்கமும் தகவல்தான். யாரிடம் எத்தனை நாள் கோப்பு இருந்தது என்பது அதில் தெரிந்துவிடும். பிறகு 90 நாளுக்குள் ஆணையத்தில் போடும் இரண்டாம் மேல்முறையீட்டில், அபராதம் யார் மேல் விழ வேண்டும் என்பதைத் தேதியோடு எழுதலாம்.