டாக்கோவுக்குள் இருக்கும் சுண்ணாம்பு

மெக்சிகோ நகரத்துத் தெருமுனையில் டாக்கோ வண்டி முன்னால் நிற்பவர்களின் கண் முதலில் போவது இறைச்சிக்குத்தான். செங்குத்துக் கம்பியில் சுழன்றபடி வேகும் பன்றி இறைச்சி, உச்சியில் அன்னாசித் துண்டு. லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுபோன ஷவர்மா அங்கே ஆட்டிலிருந்து பன்றிக்கு மாறி, மிளகாய் விழுதும் பூசிக்கொண்டு ‘அல் பாஸ்டோர்’ ஆயிற்று. சுவையான கதைதான். ஆனால் அறிவியல் அதிகம் இருப்பது அதற்கு அடியில், உள்ளங்கை அகலத்தில் கிடக்கும் ரொட்டியில். டார்ட்டியா என்று பெயர். அதில் இறைச்சியை வைத்து மடித்தால்தான் டாக்கோ.

மக்காச்சோள மாவைச் சப்பாத்தியாகத் தேய்க்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓரமெல்லாம் பிளந்துவிடும். கோதுமை மாவை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் என்ற புரதம் இதில் கிடையாது. பஞ்சாபில் மக்கி ரொட்டி போடுகிறவர்கள் வெந்நீர் ஊற்றிப் பிசைந்து, கையால் தட்டிச் சமாளிக்கிறார்கள். அப்படியும் மடித்தால் விரிசல் விடும். டார்ட்டியாவோ சாறு ஒழுகும் இறைச்சியை வைத்து மடித்தாலும் தாங்குகிறது. தானியம் அதேதான். வித்தியாசம் சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவுகிறோமே, அதே கால்சியம் ஹைட்ராக்சைடு.

ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பு. நிறையத் தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரம் வேகவைத்து, அடுப்பை அணைத்து இரவு முழுக்க ஊறவிடுகிறார்கள். கடும் காரத்தன்மை கொண்ட அந்த நீரில், மணியின் மேல்தோலை இறுக்கி வைத்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற நார்ப்பொருள் கரையத் தொடங்குகிறது. காலையில் கையால் தேய்த்துக் கழுவினால் தோல் வழுக்கிக்கொண்டு போகும். மிஞ்சும் மணிக்கு நிஷ்டமால் என்று பெயர். அதை எரிமலைக் கல்லாலான அம்மியிலோ ஆலையிலோ ஈரமாக அரைத்தால் ‘மாசா’ என்ற மாவு.

அந்த மாவு ஏன் பிளக்கவில்லை? மூன்று காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. மாவுச்சத்துத் துகள்களில் ஒரு பகுதி ஏற்கெனவே வெந்து பசையாகியிருக்கிறது. கரைந்த தோலின் பிசின் கொஞ்சம் மாவோடு தங்கிவிடுகிறது. கால்சியம் அயனிகள் பெக்டின் போன்ற நீண்ட மூலக்கூறுகளுக்கு நடுவே பாலம் போடுகின்றன. குளூட்டன் தனியாகச் செய்யும் வேலையை இங்கே ஒரு கூட்டணி செய்கிறது.

வாசனையும் இதில்தான் பிறக்கிறது. சூடான டார்ட்டியாவை மூக்கருகே கொண்டுபோனால் வெறும் மக்காச்சோளத்தில் இல்லாத ஒரு மண்வாடை அடிக்கும். சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் சிதைந்து உருவாகும் 2-அமினோஅசிட்டோபீனோன் என்ற சேர்மத்துக்கு அதில் பெரும் பங்கு.

குவாத்தமாலாவின் தென் கடற்கரைப் பகுதியில் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த முறை இருந்ததற்குச் சான்று கிடைத்திருக்கிறது. தோலை உரிக்கச் சுலபம் என்றுதான் தொடங்கியிருப்பார்கள் என்பது என் ஊகம். ஆனால் அவர்களுக்குத் தெரியாமலே அது உயிர் காத்திருக்கிறது. மக்காச்சோளத்தில் நியாசின் (வைட்டமின் பி3) இருந்தாலும், பெரும்பகுதி வேறு மூலக்கூறுகளோடு பிணைந்து கிடப்பதால் குடலால் உறிஞ்ச முடியாது. சுண்ணாம்பு அந்தப் பிணைப்பை அறுத்துவிடுகிறது. போதாததற்கு, 100 கிராமுக்கு 10 மில்லிகிராம்கூடத் தேறாத கால்சியம் டார்ட்டியாவில் பல மடங்காகிறது.

கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பாவுக்கு மக்காச்சோளம் கப்பலேறியது. சுண்ணாம்பு வித்தை ஏறவில்லை. 1735-இல் ஸ்பெயினில் காஸ்பர் கசல் என்ற மருத்துவர், ஏழை விவசாயிகளிடம் ஒரு விநோத நோயைக் கண்டு எழுதிவைத்தார். வெயில் படும் இடமெல்லாம் தோல் கருகி உரியும், வயிற்றுப்போக்கு, பிறகு சித்தப்பிரமை. பெல்லாக்ரா. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அது பரவியபோது தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். உணவுக் குறைபாடுதான் என்று காட்ட அமெரிக்க மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் 1916-இல் நோயாளிகளின் இரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். அவர் மனைவியும் ஊசி போட்டுக்கொண்டார். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குறைவது நியாசின் என்பது 1937-இல்தான் தெளிவாயிற்று.

எல்லாப் புகழையும் சுண்ணாம்புக்கே கொடுத்துவிடவும் முடியாது. மெக்சிகோக்காரர்களின் தட்டில் பீன்ஸும் இருந்தது. அதிலுள்ள டிரிப்டோஃபேனை உடம்பே நியாசினாக மாற்றிக்கொள்ளும். நம் நாட்டில் தக்காணத்து வெள்ளைச் சோளம் சாப்பிடுகிறவர்களிடமும் பெல்லாக்ரா இருந்தது. ஹைதராபாத்தில் அதை ஆராய்ந்த ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலன் (சேலத்தில் பிறந்தவர்), அந்தச் சோளத்தில் மிகுந்திருக்கும் லியூசின் என்ற அமினோ அமிலத்தைச் சந்தேகித்தார்.

உணவுப் பூங்காக்களில் டாக்கோவுக்குப் பக்கத்திலேயே விற்கும் எலோட்டேவுக்குச் சுண்ணாம்பு வேண்டாம். அது மக்காச்சோளத்தின் இளங்கதிர், தோல் இன்னும் முற்றவில்லை. மெக்சிகோவில் அதற்குப் பால் பிடித்த நாட்டு மக்காச்சோளத்தை எடுப்பார்கள். இனிப்பு குறைவு, மெல்ல வேண்டியிருக்கும். மேலே மயோனைஸ், உப்புச் சீஸ், மிளகாய்ப்பொடி, எலுமிச்சைச் சாறு. காரத்தைத் தரும் கேப்சைசின் கொழுப்பில் கரையும் என்பதால் மயோனைஸ் எரிச்சலைக் கொஞ்சம் தணிக்கிறது. இதையே ஸ்வீட் கார்னில் செய்தால் பாயசத்தில் மிளகாய்ப்பொடி தூவிய மாதிரி இருக்கிறது, எனக்கு.

இப்போது இரவு முழுக்க ஊறவைக்க வேண்டியதில்லை. நிஷ்டமாலைக் காயவைத்துப் பொடித்த மாவு பாக்கெட்டில் வருகிறது. தண்ணீர் விட்டுப் பிசைந்தால் போதும். வாசனை சற்று மட்டு, ஆனால் வேலை செய்யும். இங்கே மளிகைக் கடையில் கிடைக்கும் கார்ன்ஃப்ளோரால் முடியாது. அது வெறும் மாவுச்சத்து.

நம் ஊர் டாக்கோ கடையில் எது வருகிறது என்று பார்க்க மடித்தும் முகர்ந்தும் பாருங்கள். ஜவ்வாக இழுபட்டு, மண்வாடையே இல்லையென்றால் மைதா. அதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். வட மெக்சிகோவில், குறிப்பாக சொனோராவில், கோதுமை டார்ட்டியாதான் ஊர் வழக்கம். அங்கே குளூட்டன் இருக்கிறது, சுண்ணாம்புக்கு வேலையில்லை.