படைக்கலச் சட்டப்பொருத்த ஆய்வு: ஒரு சொல் விளக்கம்

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் ‘ரிவ்யூ’ என்றால், தீர்ப்பளித்த நீதிமன்றமே தன் தீர்ப்பை மீண்டும் பார்க்கக் கோரும் சீராய்வு மனு என்றுதான் எந்த வழக்கறிஞரும் பொருள்கொள்வார். அந்தப் பழக்கத்தில்தான் இவ்வூர்ச் சட்ட மாணவர் ஒருவர், போருக்கு விதிகள் வகுக்கும் பன்னாட்டு மனிதநேயச் சட்டத்தில் வரும் ‘வெப்பன்ஸ் ரிவ்யூ’ என்ற தொடரை ‘ஆயுத மறுஆய்வு’ என்று எழுதிக் காட்டினார். அதில் இரு சொற்களுமே இடறுகின்றன.

முதலில் பொருள். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு 1977இல் உருவான முதலாம் கூடுதல் நெறிமுறையின் 36ஆம் உறுப்பு, ஒரு நாடு புதிய படைக்கலத்தையோ போர்ச்சாதனத்தையோ போர்முறையையோ ஆராயும்போதும் உருவாக்கும்போதும் வாங்கும்போதும் ஏற்கும்போதும், அதன் பயன்பாடு சில சூழல்களிலோ எல்லாச் சூழல்களிலுமோ பன்னாட்டுச் சட்டத்தால் விலக்கப்பட்டதா என்று தீர்மானிக்க வேண்டும் என்கிறது. சுவீடனும் அமெரிக்காவும் 1974இலேயே இதற்கு முறை வகுத்துவிட்டன. இந்தியா இந்த நெறிமுறையில் சேரவில்லை. ஆனால் வேதி ஆயுதத் தடை ஒப்பந்தமும், பார்வையைப் பறிக்கும் லேசர் கருவிகளுக்கு 1995இல் வந்த தடையும் இந்தியாவைக் கட்டுப்படுத்துகின்றன.

‘ரிவ்யூ’ என்பது ‘மீண்டும் பார்த்தல்’ என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. படைத்துறையில் அதற்கு அணிவகுப்பைப் பார்வையிடுதல் என்ற பொருளும் உண்டு. இங்கே நடப்பதோ மீண்டும் பார்த்தல் அன்று, முன்கூட்டிப் பார்த்தல்; ஆகவே ‘மறு’ என்ற முன்னொட்டு பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறது. ‘தணிக்கை’ என்றால் கணக்கும் திரைப்படமும் நினைவுக்கு வரும். வெறும் ‘ஆய்வு’ என்பதே போதும். ‘ஆய்தல்’ என்பதற்கு நுணுக்கம் என்று தொல்காப்பிய உரியியல் பொருள் சொல்கிறது. இந்த வேலைக்கு வேண்டியதும் அதுதான்.

‘ஆயுதம்’ போரிடுதலைக் குறிக்கும் ‘யுத்’ என்ற வேரடியாகப் பிறந்த வடசொல். (பள்ளியில் ஃ என்பதை ‘ஆயுத எழுத்து’ என்று பழகிவிட்டோம், அது ஆய்தமே, அதற்கும் ஆயுதத்துக்கும் உறவில்லை.) பழந்தமிழில் ‘படை’ கருவியையும் சேனையையும் சேர்த்தே குறித்தது, குறளின் ‘படைகொண்டார்’ கருவி ஏந்தியவர், ‘படைமாட்சி’ சேனையின் சிறப்பு. கருவியை மட்டும் சுட்ட ‘படைக்கலம்’ தெளிவானது. வேலூரின் பெயரில் இருப்பது படைக்கலமாகிய வேலா, வேல மரமா என்பதில் ஊரார் இன்னும் இரு கட்சி.

வடசொல் என்பதற்காக நான் ‘ஆயுத’த்தைத் தள்ளவில்லை. ‘ஆயுதச் சட்டம்’ என்றவுடன் செய்தித்தாள் வாசகர் உரிமமில்லாத துப்பாக்கியையும் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நினைப்பார். ‘ஆயுதச் சட்ட ஆய்வு’ என்றால் அந்தச் சட்டத்தைப் பற்றிய ஆராய்ச்சி என்றாகிவிடும். எனவே, படைக்கலம் சட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதைச் சொல்லும் ‘படைக்கலச் சட்டப்பொருத்த ஆய்வு’ என்பதே என் தேர்வு. பொருத்தம் என்ற சொல் திருமணத்தை நினைவூட்டுகிறதே என்று மாணவர் சிரித்தார். நினைவூட்டட்டும், பொருத்தம் பார்ப்பது தாலி கட்டுவதற்கு முன்புதானே.

இதற்குப் பயிற்றப்படும் அதிகாரிகளை ‘ஆய்வாளர்’ என்றும் அழைக்க இயலாது, அது காவல் நிலையத்துக்குப் போய்விட்டது. ‘பொருத்த ஆய்வர்’ எனலாம். 2006இல் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு வெளியிட்ட வழிகாட்டி, சட்டம் படித்தவரோடு படைத்துறையினர், பொறியாளர், மருத்துவர், சூழலியல் அறிந்தவர் ஆகியோரின் அறிவும் இதில் சேர வேண்டும் என்கிறது. கருவி எந்த ஒப்பந்தத்திலாவது பெயர் சொல்லித் தடைசெய்யப்பட்டதா என்று பார்ப்பது எளிது. அது தேவையற்ற துன்பம் விளைக்குமா, போராளியையும் பொதுமக்களையும் பிரித்துத் தாக்க இயலுமா என்பவற்றில்தான் பயிற்சியின் பளு இருக்கிறது.

இதற்குத் தம்தம் தோட்டாவைவிட நல்ல பாடம் இல்லை. கொல்கத்தாவை அடுத்த தம்தம் படைக்கலச் சாலையால் பெயர்பெற்ற அந்தத் தோட்டா, உடலுக்குள் புகுந்ததும் விரிந்து, காயத்தைக் கொடியதாக்கும். செய்தவர்கள் எதிர்பார்த்தபடியே அது வேலை செய்தது. தர ஆய்வில் அதைக் குறைசொல்ல இயலாது. உடலுக்குள் எளிதில் விரியும் தோட்டாக்களை 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் விலக்கியது அந்தக் காயத்துக்காகத்தான். தரத்துக்கும் சட்டப்பொருத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் கண்ட பிறகே மாணவர் ‘மறு’வை அடித்தார், ‘ஆயுத’த்தை விட அவருக்கு இன்னும் மனம் வரவில்லை.