போர்டுக்கு இன்று என்ன தேதி?

மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு நோட்எம்சியு போர்டை மாட்டி வைத்திருக்கிறேன். இஎஸ்பி8266 சிப் உள்ள சின்னப் போர்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளவெடுத்து என் சர்வருக்கு அனுப்பும், சாதாரண எச்டிடிபியில் இல்லை, டிஎல்எஸ் பூட்டோடு. ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்தது, அதற்கப்புறம் ஒரு எண்கூட வரவில்லை. வைஃபை இருக்கிறது, சர்வர் ஓடுகிறது, லேப்டாப்பில் அதே முகவரி உடனே திறக்கிறது. போர்டைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்து மாட்டினால் அதுவும் ஒழுங்காக வேலை செய்கிறது! ரௌட்டரையும் போர்டையும் ஒரே நேரத்தில் அணைத்துப் போட்ட பிறகுதான் போர்டு அனுப்பும் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் விஷயம் வெளியே வந்தது: பிழை எண் 54.

இந்தப் போர்டில் டிஎல்எஸ் வேலையைப் பார்ப்பது பியர்எஸ்எஸ்எல் என்ற நூலகம். அதன் கணக்கில் 54 என்றால், தான் யார் என்று காட்ட சர்வர் கொடுக்கும் சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது, அல்லது அதன் காலம் இன்னும் தொடங்கவில்லை. இரண்டுக்கும் ஒரே எண். அதனால் பலரும் சர்வர் பக்கம் ஓடிப்போய் சான்றிதழைப் புதுப்பிப்பார்கள், பிழை மட்டும் அப்படியே நிற்கும். போர்டைப் பார்த்து இப்போது மணி என்ன என்று கேட்டிருந்தால் அது சொல்லியிருக்கும் பதில்: 1970, ஜனவரி 1, நள்ளிரவு தாண்டி சில நொடிகள்.

லேப்டாப்பின் மதர்போர்டில் ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், அல்லது அந்த வேலையைச் செய்ய வேறு ஏதாவது இருக்கும். கரண்ட் இல்லாவிட்டாலும் கடிகாரம் ஓடும். இந்தப் போர்டுகளில் அது கிடையாது. ஒவ்வொரு முறை உயிர் பெறும்போதும் நேரம் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும், யுனிக்ஸ் வழக்கப்படி பூஜ்யம் என்றால் 1970. என் சர்வரின் சான்றிதழ் தொண்ணூறு நாளைக்குச் செல்லும், சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு கொடுத்தது. போர்டின் கண்ணுக்கு அந்தத் தேதி வர இன்னும் ஐம்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறது. அது மறுத்ததில் தப்பே இல்லை.

சரி, சான்றிதழுக்குத் தேதி எதற்கு? டிஎல்எஸ் செய்வது இரண்டு வேலை. எதிரில் இருப்பது யார் என்று உறுதி செய்வது ஒன்று, நடுவில் இருப்பவர்கள் படிக்க முடியாதபடி இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு ரகசியச் சாவியை உருவாக்குவது இன்னொன்று. இரண்டாவது வேலைக்கான கணக்கை 1976லேயே டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் வெளியிட்டுவிட்டார்கள், முன்பின் பார்க்காத இரண்டு பேர் எல்லோர் முன்னாலும் பேசியே ஒரு ரகசியத்தை உருவாக்கிக்கொள்ளலாம் என்று காட்டிய அழகான கணக்கு அது. ஆனால் எதிரில் இருப்பது யார் என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. அதற்குத்தான் சான்றிதழ். அதில் சர்வரின் பெயர், அதன் பொதுச்சாவி, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்ற இரண்டு தேதிகள், இதையெல்லாம் சரிபார்த்துக் கொடுத்த அமைப்பின் டிஜிட்டல் கையெழுத்து, எல்லாம் இருக்கும். பொதுச்சாவிக்கு ஜோடியாக சர்வர் தன்னிடமே வைத்திருக்கும் ரகசியச் சாவி திருடு போனாலும் குறிப்பிட்ட ஒரு நாளோடு அதன் மதிப்பு முடிந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் தேதி.

இங்கே இஎஸ்பி8266க்குப் பின் வந்த இஎஸ்பி32 சிப் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சிப்பைச் செய்யும் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஐடிஎஃப் என்ற நிரலாக்க அமைப்பில் சான்றிதழின் தேதியைச் சரிபார்க்கும் வசதி இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது, மெனுகான்ஃபிக் என்ற அமைப்புப் பட்டியலில் போய் நாம்தான் இயக்க வேண்டும். எனக்கு வந்த பிழை உங்களுக்கு வராமல் இருப்பதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். தேதி தெரியாத போர்டு தேதியைப் பார்க்காமலே கதவைத் திறந்துவிடுகிறது.

நேரத்தை எங்கே வாங்குவது என்றால் என்டிபி சர்வரிடம். 48 பைட் கேள்வி ஒன்று யூடிபி 123ஆம் போர்ட்டுக்குப் போகும், பதிலில் 1900ஆம் ஆண்டு தொடங்கி எத்தனை நொடி ஓடியிருக்கிறது என்று வரும், அதிலிருந்து 2208988800ஐக் கழித்தால் 1970லிருந்து எண்ணும் கணக்கு கிடைத்துவிடும். சான்றிதழில் உள்ள தேதிகள் எல்லாம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், அதனால் இந்திய நேரத்துக்கான ஐந்தரை மணியைக் கூட்டிக் கொடுக்கக் கூடாது. என் நிரலில் இருந்த ஓட்டை என்ன தெரியுமா, தொடக்கத்தில் ஒரே ஒரு தடவைதான் நேரம் கேட்கும், பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வரிக்குப் போய்விடும். கரண்ட் வந்ததும் ரௌட்டர் வைஃபையை முதலில் எழுப்பிவிடுகிறது, வெளி இணைப்பு வர இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் ஆகிறது. போர்டு அந்த இடைவெளியில் கேட்டுவிட்டு, பதில் இல்லாமல், 1970லேயே உட்கார்ந்துவிட்டது.

இதில் யோசிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. பாதுகாப்பான இணைப்புக்கு நேரம் வேண்டும், அந்த நேரத்தைக் கொண்டுவரும் சாதாரண என்டிபிக்குப் பூட்டு எதுவும் கிடையாது. நடுவில் இருக்கும் ஒருவர் பழைய தேதியைச் சொல்லி, காலாவதியான, சாவி திருடு போன ஒரு சான்றிதழை ஏற்றுக்கொள்ள வைக்கலாம். முழுத் தீர்வு இல்லை என்றாலும் ஒரு எளிய காவல் போடலாம்: நிரலைத் தொகுத்த (போர்டு ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றிய) தேதியை அதற்குள்ளேயே எழுதி வைத்து, அதற்கு முந்தைய நேரம் எது வந்தாலும் நம்பாதே என்று சொல்லிவிடுவது.

பிழை 54க்கு வழி தேடினால் முதலில் கிடைக்கும் பதில் இதெல்லாம் இல்லை. செட்இன்செக்யூர் என்று ஒரு வரி சேருங்கள், சரியாகிவிடும் என்பார்கள். உண்மைதான், இணைப்பு உடனே வரும். இந்த வரியை முன்மாதிரி நிரல்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் கற்றுக்கொள்ள வருபவர்கள் அதை அப்படியே எடுத்து வீட்டுக் கதவுப் பூட்டிலும் கேமராவிலும் போட்டுவிடுகிறார்கள். அந்த வரி குறியாக்கத்தை நிறுத்துவதில்லை, எதிரில் இருப்பது யார் என்று பார்ப்பதை மட்டும் நிறுத்துகிறது. கடிதத்தை அரக்கு வைத்து நன்றாக ஒட்டி, வாசலில் வந்து நிற்கும் யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வருவது போல. அதே வைஃபையில் இருக்கும் ஒருவர் நான்தான் சர்வர் என்று சொல்லித் தன் சாவியைக் கொடுத்தால் போர்டு வாங்கிக்கொள்ளும், கடவுச்சொல்லையும் சேர்த்து அனுப்பிவிடும், அவர் படித்துவிட்டு உண்மையான சர்வருக்கும் அனுப்பிவைப்பார், உங்கள் திரையில் எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலவே தெரியும்.

யாரை நம்புவது என்பதையும் போர்டுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். லேப்டாப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட வேர்ச் சான்றிதழ்கள், அதாவது சான்றிதழ் கொடுக்கும் அமைப்புகளின் சொந்தச் சான்றிதழ்கள், வாங்கும்போதே இருக்கும். இங்கே ஒன்றும் இல்லை. சிலர் சர்வர் சான்றிதழின் கைரேகையை (அதிலிருந்து கணக்கிட்ட சின்ன அடையாள எண்ணை) மட்டும் நிரலில் வைப்பார்கள், அந்தச் சான்றிதழ் புதுப்பிக்கப்படும்போது கைரேகையும் மாறிவிடும், போர்டு ஊமையாகிவிடும். வேர்ச் சான்றிதழை வைப்பதுதான் சரி. லெட்ஸ் என்கிரிப்டின் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 2035 ஜூன் 4 வரை செல்லும். வேரும் ஒரு நாள் காலாவதியாகும் என்பதை 2021 செப்டம்பர் 30 அன்று பலர் கண்கூடாகப் பார்த்தார்கள். அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 முடிந்தது, அதை மட்டுமே நம்பியிருந்த பழைய கருவிகள் பலவற்றுக்கு இணைப்பு அறுந்துபோனது.

அப்புறம் நினைவகம். இஎஸ்பி8266இல் தரவுக்கென்று இருப்பது 80 கேபி அளவு ராம், வைஃபை எழுந்த பிறகு கையில் மிஞ்சுவது அதில் ஏறக்குறைய பாதி. டிஎல்எஸ் அனுப்பும் ஒரு துண்டு 16 கேபி வரை இருக்கலாம், துண்டு முழுதும் வந்து சேர்ந்தால்தான் வழியில் யாரும் மாற்றவில்லை என்று சரிபார்க்க முடியும், ஏனென்றால் அதற்கான முத்திரை கடைசியில் இருக்கிறது. ஆக அந்த 16 கேபியை ஒதுக்கியே ஆக வேண்டும். சின்னத் துண்டாக அனுப்பு என்று சர்வரிடம் கேட்கலாம், 512 பைட்வரைகூடக் குறைக்கலாம், எல்லா சர்வரும் ஒத்துக்கொள்ளாது என்பதால் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ரகசியச் சாவிக்கு யாரும் ஊகிக்க முடியாத எண் வேண்டும், சின்னக் கருவிகள் இதில் தடுமாறிய கதை 2012இல் ஒரு ஆய்வில் வெளிவந்தது. இணையத்தில் இருந்த சாவிகளை எல்லாம் திரட்டி ஒப்பிட்டபோது, டிஎல்எஸ் பேசிய கணினிகளில் 0.5 சதவீதத்தின் ரகசியச் சாவிகளை ஆய்வாளர்களால் கணக்குப் போட்டே கண்டுபிடிக்க முடிந்தது, பெரும்பாலும் ரௌட்டர் போன்ற கருவிகள். காரணம் ரொம்ப எளிது. இந்த வகைப் பொதுச்சாவி இரண்டு பகா எண்களின் பெருக்கம், அந்த இரண்டும் தெரிந்தால் ரகசியச் சாவி கிடைத்துவிடும். 77, 91 என்று இரண்டு பொதுச்சாவிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்துக் காரணி தேடுவது கஷ்டம் (நிஜ எண்கள் அறுநூறு இலக்கத்துக்கும் மேல் போகும்), ஆனால் இரண்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தி எடுப்பது நொடி வேலை. 7 வந்துவிட்டது, இரண்டு பூட்டும் திறந்துவிட்டன. கருவிகள் எழுந்த உடனேயே, குலுக்கிப் போட எதுவும் இல்லாத நேரத்தில் எண் எடுத்ததால், வெவ்வேறு வீட்டில் இருந்தவை ஒரே பகா எண்ணை எடுத்துவிட்டன. இஎஸ்பி32இன் எண் எடுக்கும் சுற்று வைஃபை அல்லது புளூடூத் ரேடியோவின் இரைச்சலிலிருந்து தற்செயலை எடுக்கிறது, அதனால் சாவி செய்யும் வேலையை ரேடியோ எழுந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

தொட்டிப் போர்டின் நிரலை இப்போது மாற்றிவிட்டேன். தொகுத்த தேதிக்குப் பிந்தைய நேரம் கிடைக்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும், அதுவரை சர்வர் பக்கமே போகாது, அளவுகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ரௌட்டரை வேண்டுமென்றே நான்கு தடவை அணைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் தானாக எழுந்து வந்துவிட்டது. பெட்டி மூடியின் உள்பக்கம் 2035 ஜூன் 4 என்று மார்க்கரால் எழுதி, மறுபடியும் மாடியில் மாட்டியாயிற்று.