பிடித்தவருக்கும் ஒரு வேலை கொடுங்கள்

கராத்தே வகுப்பில் மணிக்கட்டுப் பிடியை விடுவிக்கக் கற்றுக்கொடுக்கும்போது, ஒருவர் பிடித்துவிட்டு அசையாமல் நிற்பார், மற்றவர் கையைத் திருப்பி உருவுவார், பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவிகளுக்குக் கிடைக்கும் தற்காப்புப் பயிற்சி மூன்று மாதம்தான். அதையும் இப்படியே ஓட்டினால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது ஆபத்தான துணிச்சல் மட்டுமே. நிஜத்தில் பிடிப்பவன் இழுப்பான், இன்னொரு கை முடிக்கோ வாய்க்கோ போகும்.

அதனால் என் வகுப்பில் தரையில் சாக்பீஸ் கோடு போட்டுவிடுவேன். பிடித்தவள் பத்து விநாடிக்குள் தோழியைக் கோட்டுக்கு அப்பால் இழுக்க வேண்டும். மாட்டியவள் கையை விடுவித்து, கத்திக்கொண்டே எதிர்ச்சுவரைத் தொட வேண்டும். எப்படி என்பது அவள் பாடு. கையை மட்டும் முறுக்கிப் பார்ப்பவளின் கால் வழுக்கிக்கொண்டே கோட்டுப் பக்கம் போகும். கொஞ்ச நேரத்தில் அவளே இடுப்பைத் தாழ்த்துவாள், பிடித்தவள் பக்கமே ஓரடி நெருங்கி முழங்கையை விலாவோடு சேர்ப்பாள், கட்டைவிரல் இடுக்கு வழியாகக் கை வெளியே வந்துவிடும். அப்புறம் தோளில் ஸ்கூல் பேக், அடுத்த நாள் சுவரோரம் என்று ஒவ்வொன்றாக மாற்றுவேன். எடுத்த எடுப்பில் முழுப் பலத்தோடு இழுக்கவிடக் கூடாது.

‘நிஜம்போல’ என்றதும் அடிதடிதான் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். 1882-இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, குத்து, உதை எல்லாவற்றையும் முன்கூட்டியே வகுத்த அசைவுகளைச் செய்து பழகும் ‘கட்டா’வோடு நிறுத்திவிட்டு, ‘ராண்டோரி’ என்ற கட்டற்ற மோதல் பயிற்சியில் இருவரும் தயங்காமல் முழுப் பலத்தோடு மோத வழி செய்தார். எங்கள் வகுப்பிலும் தலையில் அடி கிடையாது, இரண்டு தட்டு தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். ஒரு பெண் இன்றைக்கு வேண்டாம் மாஸ்டர் என்றால் சரி, ஓரமாக உட்காரட்டும். ஏன் என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள், சிலருக்கு அந்தப் பிடி ஏற்கெனவே நடந்ததாக இருக்கும்.

கத்தி விஷயத்தில் இன்னும் கண்டிப்பு தேவை. ரப்பர் கத்தியில் கலர் சாக்பீஸ் பொடியைத் தடவி, பிடித்திருப்பவரை மனம்போல் வீசச் சொல்லுங்கள். சில விநாடியில் வெள்ளைச் சீருடையின் கை, வயிறு, கழுத்துப் பட்டை எல்லாம் கோடாக இருக்கும், கறுப்பு பெல்ட்காரருக்கும்தான். கத்தியைத் தட்டிப் பறிக்கும் வித்தையை யாரும் அதன்பிறகு கேட்பதில்லை. பர்ஸை ஒரு பக்கம் எறிந்துவிட்டு மறுபக்கம் ஓடும் பயிற்சியை அப்போதுதான் ஆரம்பிப்பேன். பதற்றத்தில் வாசல் எங்கே என்றே பார்க்காமல் ஓடுகிறவர்கள் நிறைய, அதனால் எறியும் முன் வாசலைக் கண்ணால் தேடிவிடச் சொல்கிறேன்.