கூட்டத்துக்கு வராத பெற்றோரையும் கேட்டுச் செலவழிக்க

இலங்கையில் அரசாங்கப் பாடசாலையில் பிள்ளை படித்தால், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோருக்கும் இடம் உண்டு. அதிபர்தான் தலைவர், ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் கூட இருப்பார்கள். சங்கக் காசு எதற்குப் போகிறது என்று கேட்கிற உரிமை கூட்டத்துக்கு வந்தவருக்கு மட்டும் உரியதல்ல.

தேயிலைத் தோட்டப்புறத்தில் கூட்டம் பெரும்பாலும் வேலைநாள் காலையில்தான். கொழுந்து எடுக்கிற அம்மா வந்தால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். அப்பா கொழும்பில் கடையில் நிற்பார், அல்லது அம்மா குவைத்தில் இருப்பார், வீட்டில் அம்மாயி (அம்மாவின் அம்மா) தான். இவர்களை அக்கறையில்லாதவர்கள் என்பது அநியாயம். உள்ளூரில் இருப்பவர்களுக்கு ஞாயிறோ போயா விடுமுறையோ வசதி. கோயில் திருவிழா நாளாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி.

தூரத்தில் இருப்பவர்களுக்குப் பத்து நாளாவது முன்னதாக ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும். கையிருப்பு எவ்வளவு, என்ன வாங்க யோசனை, மூன்று கடைகளில் எடுத்த விலை என்ன என்று அதில் இருக்கட்டும். ‘அபிவிருத்தி வேலைகள், இதர செலவு’ என்று எழுதினால் ஒருவரும் பதில் போடமாட்டார்கள். ‘1,000 லீட்டர் தண்ணீர்த் தாங்கி முதலிலா, போட்டோக் கொப்பி மெசின் முதலிலா?’ என்று கேட்டால் குவைத்திலிருந்தும் பதில் வரும். தாங்கி என்றால் மேடை, குழாய், பொருத்துக்கூலி எல்லாம் சேர்த்தே விலை போடுங்கள். அதை விட்டுவிட்டு இரண்டாம் தடவை காசு கேட்கும்போதுதான் சந்தேகம் முளைக்கிறது.

கடிதத்தின் அடியில் பதில் எழுதிக் கிழித்துக் கொடுக்க ஒரு துண்டு வையுங்கள். அதே கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பதிலைக் குழுவில் கேட்காமல் ஒரே ஒரு இலக்கத்துக்கு வரச் சொல்வது நல்லது. குழுவில் முதல் ஆள் சொன்னதற்கே மற்றவர்கள் கட்டைவிரல் காட்டிவிட்டுப் போவார்கள். எழுதத் தெரியாதவர் குரல் பதிவு அனுப்பட்டும். ஓர் ஆசிரியர் பெயர், திகதி, தெரிவு மூன்றையும் குறித்துக்கொள்ளலாம்.

வந்த பதில்களை வாக்காக எண்ணலாமா என்பதைச் சங்க யாப்பில் (விதிகளில்) பாருங்கள். அதில் இடமில்லாவிட்டாலும், தீர்மானம் எடுக்கும் முன் வாசித்து, எத்தனை பேர் எதைக் கேட்டார்கள் என்று கூட்டறிக்கையில் எழுதலாம். துண்டு அனுப்பியவரை வந்ததாகக் காட்டி, கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கையை (கோரம்) நிரப்ப வரவுப் பதிவில் பெயர் ஏற்றுவது மோசடி. அம்மாயியிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவதும் அப்படித்தான்.

வாங்கி முடிந்ததும் பில்லின் பிரதி அறிவித்தல் பலகைக்கும் வாட்ஸ்அப்புக்கும் போக வேண்டும். காட்ட மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் யாரென்று வலயக் கல்விப் பணிமனையில் விசாரிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். வெளிநாட்டில் வேலை செய்கிற இலங்கைப் பிரஜைக்கும் இந்த உரிமை உண்டு.