ஸ்கிரிப்ட் என்றால் உரைநிரல்

ஸ்கிரிப்ட்: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருள், மேலிருந்து கீழாகப் படித்து நிறைவேற்றும்படி சாதாரண உரைக்கோப்பில் எழுதி வைக்கும் கட்டளைத் தொடர். தமிழில் உரைநிரல்.

கோடம்பாக்கத்தில் இச்சொல் கதை வசனப் பிரதியைக் குறிக்கும். மொழியியலாரிடம் போனால் வரிவடிவம். வழங்கிகளை (சர்வர்களை) பராமரிப்பவரும் இணைய விளம்பரக் கணக்குகளைக் கவனிப்பவரும் சொல்வது மேலே தந்த மூன்றாவது பொருள். மூன்றுக்கும் வேர் ஒன்றே: எழுதுதல் என்னும் பொருளுள்ள ‘ஸ்க்ரீபெரே’ என்ற லத்தீன் வினையும், எழுதப்பட்டது என்னும் பொருளில் அதிலிருந்து பிறந்த ‘ஸ்கிரிப்டும்’ என்ற சொல்லும்.

கணினிக்குள் இந்த வழக்கம் சொல்லை விடப் பழையது எனலாம். 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சி.டி.எஸ்.எஸ். என்ற இயக்குதளத்தில் லூயி பூசான் ‘ரன்காம்’ என்றொரு கருவியை எழுதினார். கோப்பில் வரிசையாக எழுதிய கட்டளைகளை ஒவ்வொன்றாக ஓட்டுவதே அதன் வேலை. நாம் தரும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் மென்பொருளுக்கு ஷெல் என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. இன்றும் லினக்ஸ் அமைவுக் கோப்புகளின் பெயர் முடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ஆர்சி’ என்ற இரண்டெழுத்து அந்த ரன்காமின் மிச்சம். 1979இல் வந்த யூனிக்ஸ் இயக்குதளத்தின் ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்னின் ஷெல் இருந்தது. குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் க்ரானும் இருந்தது.

தமிழில் இதற்குக் குறுநிரல், கட்டளைக் கோப்பு, உரைநிரல் என்று பல சொற்கள் உண்டு. குறுநிரல் என்பது அளவைச் சொல்கிறது, தன்மையைச் சொல்லவில்லை. 2,000 வரியில் எழுதினாலும் ஸ்கிரிப்ட் ஸ்கிரிப்ட்தான். கட்டளைக் கோப்பு ஷெல்லுக்குப் பொருந்தும், ஜாவாஸ்கிரிப்டுக்குப் பொருந்தாது. உரைநிரலே சரி. தொகுப்பியில் (கம்பைலரில்) போட்டு இயந்திர மொழியாக்கிய கோப்பு அல்ல, கண்ணால் படிக்கக்கூடிய உரையே ஓடுகிறது என்பதை ‘உரை’ சொல்லிவிடுகிறது. ‘நிரல்’ புதிதாகச் செய்த சொல்லே அல்ல. வரிசை, ஒழுங்கு என்பது அதன் பழம்பொருள். செய்யுளுக்குப் பொருள்கொள்ளும் முறைகளாகத் தொல்காப்பியம் சொல்லும் நான்கு பொருள்கோள்களில் நிரல்நிறை ஒன்று. அன்பும் அறனும், பண்பும் பயனும் என்று வரிசை மாறாமல் பொருத்திக் கொள்ளும் குறளை இதற்கு எடுத்துக்காட்டுவர். வரிசை மாறினால் பொருள் மாறும் என்பது ஷெல்லுக்கும் பொருந்துகிற இலக்கணம்.

வேலையில் வரும் பழுதுகளும் இந்த இரண்டு பாதிகளில்தான் வருகின்றன.

முதலில் உரையில் வருபவை. விண்டோஸ் நோட்பேடில் எழுதி லினக்ஸ் வழங்கியில் ஏற்றினால், ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடுதலாக நிற்கும். முதல் வரியில் #! என்ற குறிக்குப் பின் எழுதிய பேஷ் என்ற ஷெல்லின் பெயரோடு அது ஒட்டிக்கொள்ள, அப்படியொரு நிரலே இல்லை என்று கணினி கைவிரிக்கும். டாஸ்2யூனிக்ஸ் என்ற கருவி கொண்டு ஒருமுறை துடைத்தால் போதும். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ அனுப்பிய நிரலில் நேர் மேற்கோள் ( " ) வளைந்த மேற்கோளாகவும் ( “ ” ), இரட்டைச் சிறுகோடு ஒற்றை நீள்கோடாகவும் மாறியிருக்கும். பார்வைக்கு வேறுபாடு தெரியாது, ஷெல்லுக்குத் தெரியும்.

நிரலில் வருபவை இவற்றை விடக் கொடியவை. தரவுத்தளத்தை மைஎஸ்க்யூஎல்டம்ப் என்ற கட்டளை கொண்டு இறக்கி, ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் குழாய்க் குறி ( | ) வழியே ஜிஜிப்புக்கு அனுப்பிச் சுருக்கும் காப்பு உரைநிரலை எடுத்துக்கொள்வோம். கடவுச்சொல் மாறிப்போய் முதல் கட்டளை தோற்றாலும் ஜிஜிப் தன் வேலையை ஒழுங்காகவே செய்யும்: வெறுமையைச் சுருக்கி 20 பைட் கோப்பு ஒன்றை வைக்கும். குழாயின் கடைசிக் கட்டளை வென்றதால் மொத்தமும் வெற்றி என்று ஷெல் கணக்கு வைக்கிறது. காப்புக் கோப்புறையில் எல்லாக் கோப்பும் 20 பைட் என்றால் காரணம் இதுவே. பேஷில் ‘பைப்ஃபெயில்’ விருப்பத்தை இயக்கினால் தோல்வி வெளியே தெரியும்; அதற்கு மேல் கோப்பின் அளவையும் ஒரு வரியில் சோதிப்பது நல்லது. அதேபோல், மாறியில் (வேரியபிளில்) உள்ள கோப்புறைப் பெயரோடு /* சேர்த்து அழிக்கும் வரி. மாறி வெறுமையாக இருந்தால் மிஞ்சுவது /* மட்டும். அதாவது வழங்கி முழுவதும். ‘நோஅன்செட்’ விருப்பம் மதிப்பே தராத மாறியைக் கண்டதும் நின்றுவிடும். ஆனால் வெற்றுச்சரம் தரப்பட்ட மாறியை அது விட்டுவிடும், அதைத் தனியே சோதிக்க வேண்டும்.

க்ரானில் வரிசையே இலக்கணம்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. 30 2 * * * என்றால் தினமும் அதிகாலை 2:30. நிமிடத்தை மறந்து * 2 * * * என்று எழுதினால் 2:00 முதல் 2:59 வரை 60 முறை ஓடும். 0 6 1 * 1 என்பதை ‘ஒன்றாம் தேதி திங்களாக இருந்தால்’ என்று பலர் படிக்கிறார்கள். க்ரான் படிப்பது ‘ஒன்றாம் தேதியும், எல்லாத் திங்களும்’. கோப்புப் பெயரில் தேதி சேர்க்க க்ரான் வரியிலேயே % எழுதினால் அதைப் புதுவரி என்று எடுத்துக்கொள்ளும். முன்னால் பின்சாய்கோடு வேண்டும்.

விளம்பரப் பக்கம் வருவோம். கூகுள் ஆட்ஸ் கணக்குக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்டில் உரைநிரல் எழுதி, மணிக்கு ஒருமுறை வரை ஓடும்படி வைக்கலாம். செலவு ரூ.500ஐத் தாண்டினால் பிரசாரத்தை நிறுத்து என்று எழுதுவது பலருக்கும் முதல் வேலை, காரணம் உண்டு: சராசரி தினசரி வரம்பைப் போல இரு மடங்கு வரை ஒரே நாளில் கூகுள் செலவிட முடியும். இங்கே அறிக்கையில் செலவு மைக்ரோ அலகில் வரும். 1 ரூபாய் 10,00,000 மைக்ரோ. வகுக்க மறந்தால் 1 ரூபாய் செலவானதுமே வரம்பு தாண்டியதாகக் கருதி எல்லாப் பிரசாரமும் நிற்கும். தேதியிலும் ஒரு கண்ணி: சும்மா தேதி கேட்டு அச்சிட்டால் வருவது அமெரிக்கப் பசிபிக் நேரம். இந்தியாவில் காலை 10 மணிக்கு அங்கே முந்தைய நாள் இரவு 9:30, குளிர்காலத்தில் 8:30. கணக்கின் நேர வலயத்தைக் கேட்டு வாங்கி அதன்படி தேதியை அமைக்க வேண்டும். தனிக்கணக்கு உரைநிரலுக்கு 30 நிமிடமே கெடு. அதற்குள் முடியாவிட்டால் பாதியில் வெட்டப்படும், அதுவரை செய்த மாற்றங்கள் அப்படியே நிற்கும். முடித்தவற்றுக்கு லேபிள் ஒட்டி வந்தால் அடுத்த ஓட்டம் மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். எதையும் நேரலையில் விடுமுன் முன்னோட்டத்தில் ஓட்டுங்கள். அது கணக்கைத் தொடாது.

உரைநிரல் என்ற சொல்லில் விடுபட்டது ஒன்று: படிப்பவர் யார் என்பது. நாடகப் பிரதிக்கு நடிகர் போல உரைநிரலுக்கு அதைப் படித்து ஓட்டும் ஒரு வரிமொழிமாற்றி (இன்டர்பிரட்டர்) வேண்டும், நடிகர் மாறினால் நடிப்பும் மாறும். கையால் ஓட்டும்போது சரியாக ஓடி, க்ரானில் ‘கட்டளை இல்லை’ என்று விழுவது இதனால்தான். கட்டளைகளைத் தேட வேண்டிய இடங்களைச் சொல்லும் நம் பாத் மாறியில் உள்ள இடங்கள் எல்லாம் க்ரானுக்குத் தெரியாது. கட்டளையின் முழு முகவரியையும் எழுதிவிடுவதே வழி.

எழுதும்போது ஓர் எச்சரிக்கை. ஷெல்லை ‘உறை’ என்று மாற்றி ‘உறை உரைநிரல்’ என்று எழுதினால் வாசிப்பவர் நாக்கு சுளுக்கும்; ஷெல் உரைநிரல் என்றே இருக்கட்டும். ‘விளம்பர உரைநிரல்’ என்பதும் வேண்டாம். விளம்பர உரை என்றால் விளம்பர வாசகம் என்றாகி, வாசகங்களின் பட்டியல் என்று பொருள்படும். ‘விளம்பரக் கணக்குக்கான உரைநிரல்’ என்று விரித்து எழுதுவதே தெளிவு.