நான்கு செமஸ்டரில் ஐந்து கணக்குப் பாடம்

அமெரிக்காவில் இன்ஜினியரிங் படிக்க நினைப்பவர்கள் எல்லோரும் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போவதில்லை. கட்டணம் குறைவு என்பதால் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைக் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரியில் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்கள் ஏராளம். கலிஃபோர்னியாவில் மட்டும் இப்படி 116 கல்லூரிகள். எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் என்பதை அங்கே பெரும்பாலும் மாணவரேதான் முடிவு செய்ய வேண்டும். சிக்கலே அதில்தான்.

ப்ரீகால்குலஸ் (நுண்கணிதத்துக்கு முந்தைய அடிப்படைப் பாடம்), கால்குலஸ் (நுண்கணிதம்) 1, 2, 3, பிறகு வகைக்கெழுச் சமன்பாடுகள். வழக்கமான வரிசை இது. பல கல்லூரிகளில் ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் உட்கார முடியாது. பாடம் ஐந்து, கையில் இருப்பதோ நான்கு செமஸ்டர். அங்கே ப்ரீகால்குலஸில் தொடங்குபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கோடை வகுப்புக்குப் போகாமல் ஆகாது. இதை முதல் வாரமே யாராவது சொல்ல வேண்டாமா?

பாடத் தேர்வுக்கு உதவும் ஆலோசனை மென்பொருள் செய்வது இதைத்தான். ஒவ்வொரு பாடத்தையும் ஒரு புள்ளியாகவும், 'இது முடிந்தால்தான் அது' என்ற விதியை அம்புக்குறியாகவும் வைத்துக்கொண்டு, மிக நீளமான சங்கிலியைத் தேடுகிறது. மாணவர் ஏற்கெனவே தேறிய பாடங்களைக் கழித்துவிட்டு, எதைத் தள்ளிப்போட்டால் பட்டமே தள்ளிப்போகும் என்று காட்டுகிறது. வரலாற்றுப் பாடம் காத்திருக்கும், கால்குலஸ் காத்திருக்காது. இயற்பியலும் அதை நம்பித்தான் நிற்கிறது.

எடுத்த பாடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்பது அடுத்த கேள்வி. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டுகளை (தேறிய பாடங்களுக்குக் கிடைக்கும் அலகுகள்) இழந்ததாக அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017இல் மதிப்பிட்டது. கலிஃபோர்னியாவின் 'அசிஸ்ட்' தளத்தில் கல்லூரி, பல்கலைக்கழகம், துறை மூன்றையும் தேர்ந்தெடுத்தால் இரு பக்கத்துப் பாடங்களும் எதிரெதிரே வந்துவிடும். ஒரே மெக்கானிக்கல் துறைக்கு இரண்டு வளாகங்கள் வெவ்வேறு பாடம் கேட்பதும் அப்போதுதான் தெரியும்.

வருகை குறைந்தால் சிவப்புக் கொடி காட்டும் முன்னெச்சரிக்கை நிரல்களும் உண்டு. கொடியைப் பார்த்துக் கூப்பிட ஆள் இல்லாவிட்டால் அதனால் என்ன பயன்? நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்காக 2007இல் தொடங்கிய 'ஏசாப்' திட்டத்தில், அதை ஆய்வு செய்த காலத்தில் ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள்தான் இருந்தார்கள். திட்டத்துக்கு வெளியே 600க்கும் மேல். குலுக்கல் முறையில் சேர்த்துப் பார்த்த ஆய்வில், மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் இல்லாதவர்களில் 22 சதவீதம், இருந்தவர்களில் 40 சதவீதம். கட்டணச் சலுகைக்கும் இலவசப் பயண அட்டைக்கும் இதில் பங்குண்டு. இரவு வேலைக்குப் போகிறவருக்கு மாலை ஆய்வக வகுப்பு ஒத்துவராது என்பது எந்த அம்புக்குறியிலும் இல்லை; ஆலோசகர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.